ஒரு டெராபைட்டில் காணாமல் போகும் 69 ஜிபி

புது ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டியதும் பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். அட்டைப்பெட்டியில் 1 டிபி என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 1000 ஜிபி. திரையில் தெரிவதோ 931 ஜிபி. மீதி 69 ஜிபி எங்கே போயிற்று?

கோவை காந்திபுரமோ, ஈரோடோ, கரூரோ, எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பதிலும் தயாராக இருக்கும்: "பார்மேட் பண்ணுனா கொஞ்சம் போயிருமுங்க." அங்கே நிற்கும் இன்னொருவர் வேறு பதில் சொல்வார்: "கம்பெனிக்காரன் அப்பிடித்தானுங்க, எழுதறது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணு."

இரண்டு பதிலும் தவறு. பார்மேட் அந்த 69 ஜிபியைத் தின்பதில்லை, கம்பெனி அதைக் குறைத்துக் கொடுக்கவும் இல்லை. டிஸ்கில் இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தத் தவறான பதில்களால், நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைக்காரர் மேலும் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அது தேவையே இல்லாத சந்தேகம். கொஞ்சம் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், முழு விஷயமும் புரிந்துவிடும்.

## கஜத்தில் விற்று மீட்டரில் அளந்தால்

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் ஒருவர் 100 கஜம் துணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கஜம் என்பது 91.44 சென்டிமீட்டர். ஊருக்குப் போய் மீட்டர் கோலை வைத்து அளக்கிறார். 91 மீட்டரும் கொஞ்சமும் வருகிறது. இதில் ஒரு சிக்கலும் இல்லை. துணி அதே துணிதான், கோல்தான் நீளம்.

அளந்தவர் சீட்டில் "91 கஜம்" என்று எழுதிவிட்டால்தான் வம்பு. அந்தச் சீட்டைப் பார்க்கிற எவரும் 9 கஜம் குறைகிறது என்றுதான் சொல்வார்கள். விற்றவர் சரியாகக் கொடுத்தார், அளந்தவரும் சரியாக அளந்தார், சீட்டில் எழுதிய அலகின் பெயர் மட்டும் தப்பு.

டிஸ்கிலும் இதுவேதான் நடக்கிறது. கம்பெனி சின்ன அலகில் அளந்து விற்கிறது. விண்டோஸ் பெரிய அலகில் அளக்கிறது. அளந்துவிட்டு, சின்ன அலகின் பெயரைப் போட்டுத் திரையில் காட்டுகிறது. தற்செயலாக விகிதம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கஜம் மீட்டரில் 0.914, கம்பெனியின் ஒரு டெராபைட் விண்டோஸின் கணக்கில் 0.909.

அந்தச் சின்ன அலகு எது, பெரிய அலகு எது, ஏன் இரண்டு வந்தன என்பதை இனிப் பார்ப்போம்.

## முதலில் பைட்

கம்ப்யூட்டரில் எல்லாமே 0 அல்லது 1. அப்படி ஒரு 0 அல்லது 1 ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்க ஒரு பைட் போதும். தமிழுக்கு, இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகும். "ஈரோடு" என்று தட்டினால் ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகாரக் குறி என்று ஐந்து குறிகள், மொத்தம் 15 பைட்.

பைட் எல்லோருக்கும் ஒன்றுதான். கம்பெனி, விண்டோஸ், போன், யார் எண்ணினாலும் பைட்டின் எண்ணிக்கை மாறாது. வேறுபாடு வருவது, பைட்டுகளை மொத்தமாகக் கட்டி கிலோ, மெகா, ஜிகா என்று பெயர் வைக்கும்போதுதான்.

## ஆயிரமா, 1024-ஆ?

கிலோ என்றால் ஆயிரம். கிலோகிராம், கிலோமீட்டர், கிலோவாட் எல்லாவற்றிலும் அப்படித்தான். மெகா பத்து லட்சம், ஜிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி. உலகம் முழுக்கப் பின்பற்றும் எஸ்ஐ அளவு முறை இது, 1960-ல் வந்தது. பத்தின் மடங்கில் ஏறுவதால் இதைத் தசம முறை என்போம்.

பிறகு 1024 எங்கிருந்து வந்தது? ரேமிலிருந்து. கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகச் சில்லுதான் ரேம். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த இடம் வேண்டும் என்பதைக் கம்பிகள் வழியாகச் சொல்ல வேண்டும். ஒரு கம்பியில் மின்சாரம் இருக்கும் அல்லது இருக்காது, ஆக ஒரு கம்பியால் இரண்டு இடங்களைச் சுட்ட முடியும். இரண்டு கம்பி இருந்தால் நான்கு, மூன்று இருந்தால் எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்தாவது கம்பியில் 1024.

பத்துக் கம்பி போட்டுவிட்டு ஆயிரம் இடம் மட்டும் வைத்தால் 24 எண்கள் வீண். அதனால் ரேம் சில்லுகளை இரண்டின் மடங்கில்தான் செய்கிறார்கள். 1024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், அந்தக் காலப் பொறியாளர்கள் வசதிக்காக அதையே "கிலோ" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது குழப்பம் வரவில்லை. இப்படி இரண்டின் மடங்கில் எண்ணுவது இரும முறை.

ரேமில் இன்றும் இரும முறைதான். 8 ஜிபி ரேம் வாங்கினால் 800 கோடி பைட் கிடைக்கும் என்று நினைப்போம். உண்மையில் கிடைப்பது 858 கோடியே 99 லட்சத்துக்கும் மேல்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தசம ஜிகாபைட் என்றால் 100 கோடி பைட். இரும ஜிகாபைட் என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட், அதாவது 107 கோடிக்கும் கொஞ்சம் மேல். முதலாவது கஜம், இரண்டாவது மீட்டர்.

## டிஸ்க் எண்ணும் விதம்

ஹார்டு டிஸ்கில் ரேம் போலக் கம்பிக் கணக்கு கிடையாது. காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் சுற்றுகின்றன. அவற்றில் வட்ட வட்டமாகத் தடங்கள், தடத்துக்குள் செக்டார் எனப்படும் சிறு துண்டுகள். தட்டில் எத்தனை தடம் நெருக்கி வைக்க முடியும், தடத்தில் எத்தனை செக்டார் அடங்கும் என்பதெல்லாம் தயாரிப்புத் திறமையைப் பொறுத்தது. மொத்தம் 1024-ன் மடங்காகத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் டிஸ்க் உலகம் தொடக்கம் முதலே தசமத்தில்தான் எண்ணியது. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்கின் கொள்ளளவே "50 லட்சம் எழுத்துகள்" என்றுதான் சொல்லப்பட்டது.

இன்று கடையில் கிடைக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அதில் பொதுவாக இருப்பது 1,95,35,25,168 செக்டார்கள். ஒரு செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 10,00,20,48,86,016 பைட். ஒரு லட்சம் கோடிக்கு மேல் இருபது கோடி பைட் கூடுதலாகவே இருக்கிறது. குறைத்துக் கொடுப்பவர்கள் என்று நாம் சொல்லும் கம்பெனி, உண்மையில் கொஞ்சம் கொசுறும் கொடுத்திருக்கிறது.

இப்போது அதே எண்ணை விண்டோஸ் எடுக்கிறது. 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தால் வகுக்கிறது. விடை 931.51. பக்கத்தில் "ஜிபி" என்று எழுதிவிடுகிறது. அந்த 69 ஜிபி மர்மம் முழுக்க இந்த ஒரு வகுத்தல்தான்.

நம்பிக்கை வராவிட்டால் விண்டோஸிலேயே சரிபார்க்கலாம். டிஸ்கின் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால், கெப்பாசிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். வலப்பக்கம் 931 ஜிபி. இடப்பக்கம் பைட் கணக்கில் ஒரு நீண்ட எண். நம் கண் வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. இடப்பக்கத்து எண்ணைப் படித்தால் லட்சம் கோடியைத் தாண்டியிருப்பது தெரியும்.

## பார்மேட் மேல் பழி வேண்டாம்

டிஸ்கில் கோப்பு முறையை அமைப்பதுதான் பார்மேட். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை அது உருவாக்குகிறது. பதிவேட்டுக்கும் இடம் வேண்டும், உண்மைதான். ஆனால் 1 டிபி டிஸ்கில் அதற்குப் போவது சில நூறு எம்பிக்குள்தான். 69 ஜிபிக்குப் பக்கத்தில்கூட அது வராது. அந்த இடமும் "பயன்படுத்தியது" என்ற கணக்கில் காட்டப்படுமே தவிர, மொத்தக் கொள்ளளவிலிருந்து கழியாது.

இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால், இதுவரை பார்மேட்டே செய்யாத புது இன்டர்னல் டிஸ்கை மாட்டி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பு முறையும் இல்லாத நிலையிலேயே 931.51 என்றுதான் காட்டும். பார்மேட் செய்யும் முன்பே 'குறைந்திருக்கும்' டிஸ்கை பார்மேட் எப்படிக் குறைத்திருக்க முடியும்?

போன் வேறு கதை. 128 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் நிஜமாகவே பல ஜிபியை எடுத்துக்கொள்கின்றன. அது பயன்பாடு, அளவுக் குழப்பம் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் "எதை வாங்கினாலும் குறையத்தான் செய்யும்" என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

## பெரிய டிஸ்க், பெரிய வித்தியாசம்

கிலோவில் ஆயிரத்துக்கும் 1024-க்கும் இடைவெளி 2.4 சதவீதம். மெகாவில் அது ஏறக்குறைய 4.9 சதவீதம் ஆகிறது, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. ஒவ்வொரு படி ஏறும்போதும் இன்னொரு 1.024-ஆல் பெருக்குகிறோம் என்பதால் இடைவெளி வட்டிக்கு வட்டி போல வளர்கிறது.

பிளாப்பி காலத்தில் யாரும் இதைப் பற்றிச் சண்டை போடாததற்குக் காரணம் இதுதான். வித்தியாசம் கண்ணில் படும் அளவுக்கு இல்லை. சொல்லப்போனால் அந்தக் காலத்து 1.44 எம்பி பிளாப்பி இரண்டு முறைக்கும் பொருந்தாத கலப்படக் கணக்கு. அதில் இருந்தது 14,74,560 பைட், அதாவது 1440-ஐ 1024-ஆல் பெருக்கிய எண். தசமத்தில் சொன்னால் 1.47, இருமத்தில் சொன்னால் 1.41. 1.44 என்ற எண் எந்த ஒழுங்கான அலகிலும் வராது. டிடிபி சென்டர்களில் ஆண்டுக்கணக்கில் பிளாப்பியைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள்கூட இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

## பெயர் வைத்தாயிற்று, பழக்கம்தான் மாறவில்லை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பு 1998-லேயே வழி சொல்லிவிட்டது. கிலோ, மெகா, ஜிகா, டெரா எல்லாம் தசமத்துக்கு மட்டும். இரும அலகுகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட், டெபிபைட் என்று தனிப் பெயர்கள். சுருக்கமாக எழுதும்போது ஜிபிக்கு நடுவில் ஓர் 'ஐ' சேர்த்து ஜிஐபி.

ஆப்பிள் 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற பதிப்பிலிருந்து மேக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் அளவைத் தசமத்தில் காட்டுகிறது. பெட்டியில் 1 டிபி என்றால் திரையிலும் 1 டிபி. ஆண்ட்ராய்டு 8-லிருந்து தசமத்துக்கு வந்துவிட்டது. லினக்ஸில் டிஸ்க் அளவு பார்க்கும் டிஎஃப் கட்டளை, கூடவே சின்ன 'எச்' போட்டால் இருமத்திலும், பெரிய 'எச்' போட்டால் தசமத்திலும் பதில் தருகிறது. விண்டோஸ் மட்டும் இன்னும் இருமத்தில் அளந்து தசமப் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் ஒரே 128 ஜிபி மெமரி கார்டு போனில் 128-ஐ ஒட்டியும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 119-ஐ ஒட்டியும் காட்டுகிறது. கார்டு மாறவில்லை.

என் கருத்தில் தப்பு விண்டோஸின் பக்கம். இருமத்தில் அளப்பது குற்றமில்லை. அளந்தபின் ஜிஐபி என்று எழுதினால் போதும், இவ்வளவு பேச்சுக்கும் இடமே இருக்காது.

அமெரிக்காவில் இது வழக்கு வரைக்கும் போயிருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும் சீகேட் 2007-லும் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டன. சான்டிஸ்க் பென் டிரைவ் பற்றி வந்த வழக்கைக் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2020-ல் தள்ளுபடி செய்தது. "1 ஜிபி என்றால் 100 கோடி பைட்" என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் டிஸ்கின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும்.

சுருக்கமாக: பெட்டியில் தசமம், விண்டோஸ் திரையில் இருமம். ஜிபியில் எழுதிய எண்ணை 0.93-ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டப்போவது ஏறக்குறையத் தெரிந்துவிடும், டிபியில் எழுதியதை 0.91-ஆல். 500 ஜிபி 465 ஆகும், 2 டிபி 1.81 ஆகும், 4 டிபி 3.63 ஆகும்.

## பணம் போகும் இடம்

தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு கல்யாண ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில். விண்டோஸில் அளவு பார்த்தால் 480 ஜிபி. பேக்கப் எடுக்க 512 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்று வாங்குகிறார்கள், 32 ஜிபி மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில்.

அடங்காது. விண்டோஸ் சொன்ன 480 இரும ஜிகாபைட். பைட்டாக மாற்றினால் 51,539 கோடிக்கும் மேல். 512 ஜிபி எஸ்எஸ்டியில் இருப்பதோ 51,200 கோடி. இரவு காப்பி போட்டுவிட்டுப் போனால் காலையில் "இடம் போதவில்லை" என்று நிற்கும். பாதியில் நின்ற பேக்கப்பை முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது மெமரி கார்டை அழித்துவிட்டால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே போய்விடும். இப்படிப்பட்ட நேரத்தில் ஜிபியை ஜிபியோடு ஒப்பிடாதீர்கள். ஃபோல்டரின் பைட் எண்ணிக்கையையும் டிஸ்கின் பைட் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

சிசிடிவி கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 8 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்றால் மொத்தம் 16 மெகாபிட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக நாளுக்கு 172.8 ஜிபி, 30 நாளுக்கு 5184 ஜிபி. 6 டிபி டிஸ்க் வாங்கினால் தாராளம். கேமராவின் வேகம், நெட்டின் வேகம், டிஸ்கின் அட்டை எல்லாமே தசமம் என்பதால் இடையில் 0.91 எங்கும் வராது. மாட்டியபின் அந்த டிஸ்கை ஏதாவது விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் 5.45 டிபி என்று காட்டும். பதற வேண்டாம், 30 நாள் பதிவுக்கு அது போதும்.

இங்கே ஒன்று மட்டும் கவனம்: நெட் கம்பெனிகள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன, நாம் கோப்பின் அளவைப் பைட்டில் பார்க்கிறோம். 100 எம்பி பிளான் போட்டும் டவுன்லோட் 12-ஐத் தாண்டவில்லை என்ற புகாருக்குக் காரணம் அந்த எட்டுதான்.

## நிஜமான ஏமாற்று எப்படி இருக்கும்

931 காட்டும் டிஸ்க் நல்ல டிஸ்க். பயப்பட வேண்டியது, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனிலும் நடைபாதையிலும் விற்கும் "2 டிபி" பென் டிரைவைக் கண்டுதான். அதைச் செருகினால் விண்டோஸில் 1.81 டிபி என்று கச்சிதமாகவே காட்டும். உள்ளே இருக்கும் சிப் 32 ஜிபியாகவோ 64 ஜிபியாகவோ இருக்கலாம். தன் கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதை இயக்கும் கன்ட்ரோலர் சில்லை மாற்றி எழுதியிருப்பார்கள். கோப்புகளைப் போடும்போது ஏறுவது போலவே இருக்கும், திறக்கும்போது பழுதாகியிருக்கும் அல்லது பழைய கோப்பின் மேல் புதியது விழுந்திருக்கும்.

ஆக, திரையில் தெரியும் எண்ணை வைத்து நல்லதா போலியா என்று முடிவு செய்ய முடியாது. எழுதிப் பார்த்துத் திரும்பப் படித்தால்தான் தெரியும். அதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன: விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. டிரைவ் முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கும். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும். வாங்கிய டிரைவில் ஒரு கோப்பும் போடுவதற்கு முன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இதை ஓட விட்டுவிடுங்கள்.